செர்ரிப் பலகையும் திரையும்: ஜப்பானிய மரக்கட்டை அச்சில் டிஜிட்டலின் இடம்

2024 ஜூலையில் புழக்கத்துக்கு வந்த ஜப்பானின் 1000 யென் தாளின் பின்பக்கத்தில், கட்சுஷிகா ஹொக்குசாய் என்ற வரைஞரின் பேரலை என்னும் மரக்கட்டை அச்சுப்படம் இடம்பெற்றிருக்கிறது. கைப்பேசி உறையிலும் சட்டையிலும் சுவரொட்டியிலும் உலகமெங்கும் புழங்கும் அந்தப் படத்தின் மூல ஓவியம் எங்கே இருக்கிறது என்று தேடிச் செல்பவருக்கு விடை கிடைக்காது. அப்படியொரு மூலம் இல்லை. 1831-ஐ ஒட்டி ஹொக்குசாய் மெல்லிய தாளில் தூரிகையால் வரைந்து கொடுத்த கோட்டுப்படம், செர்ரிமரப் பலகையின்மேல் முகம் கவிழ்த்து ஒட்டப்பட்டு, செதுக்குநரின் கத்திக்கு இரையாகிப் போனது. அந்தக் கோட்டுப்படத்தில் கடலின் நீலமும் இல்லை, அலைக்குப் பின்னால் இருண்டு கிடக்கும் வானமும் இல்லை. நாம் அறிந்த பேரலை, பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஈரத்தாளைத் தொட்டபோதுதான் முதன்முதலாக உருவானது.

ஜப்பானிய மரக்கட்டை அச்சைப் பற்றிப் பேசும்போது, குறிப்பாக அது டிஜிட்டல் கருவிகளோடு சேரும்போது என்ன ஆகிறது என்று ஆராயும்போது, இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே முடிந்துவிட்ட ஓர் ஓவியத்தைப் பல படிகளாகப் பெருக்கும் வேலை அல்ல அது. மரம், தண்ணீர், தாள், கை ஆகியவை சந்திக்கும் இடத்தில் படமே அப்போதுதான் பிறக்கிறது. ஆகவே கணினி இக்கலையை வளர்க்கிறதா, அழிக்கிறதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. வேலையின் எந்தக் கட்டத்துக்குள் கணினி நுழைகிறது, எந்தக் கட்டத்தின் வாசலில் அது நின்றுவிட வேண்டியிருக்கிறது என்று பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

மரத்தில் செதுக்கி அச்சிடும் தொழில் சீனாவில் தோன்றிப் பௌத்தத்தின் வழியே ஜப்பானுக்கு வந்தது. 8-ஆம் நூற்றாண்டில் பேரரசி ஷோத்தோக்கு ஏராளமான சிறு மரக் கோபுரங்களைச் செய்வித்து, ஒவ்வொன்றினுள்ளும் அச்சிட்ட தாரணி மந்திரச் சுருள் ஒன்றை வைத்துப் பத்துக் கோயில்களுக்குப் பகிர்ந்தளித்தார். 770-இல் முடிந்த அந்தப் பணியில் உருவான சுருள்கள், உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுத் தாள்களுள் அடங்கும். அதன்பின் பல நூற்றாண்டுகள் இத்தொழில் பெரும்பாலும் மடாலயங்களின் தேவைக்கே பயன்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் எதோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, பெருநகரமாக வளர்ந்து, காசும் ஓய்வும் உள்ள வணிகர்களும் கைவினைஞர்களும் அதில் நிரம்பியபோதுதான் அச்சுப்படம் கடைவீதிக்கு வந்தது. நாடக நடிகர்கள், கேளிக்கை விடுதிப் பெண்கள், மற்போர் வீரர்கள், பிற்காலத்தில் ஊர்க்காட்சிகள் என்று அந்நகர மக்கள் காண விரும்பியதை எல்லாம் காட்டிய அந்தப் படங்களையே உக்கியோ-எ என்கிறோம்.

தொடக்கத்தில் அவை கறுப்பு மையில் மட்டும் அச்சிடப்பட்டன. வண்ணம் வேண்டுமென்றால் கையால் தீட்டினார்கள். 1740-களில் இரண்டு மூன்று வண்ணங்களைப் பலகையாலேயே அச்சிடும் முறை வந்தது. முழு வண்ண அச்சு 1765-இல் பரவியதற்குக் காரணம் சற்று எதிர்பாராதது. அன்றைய சந்திர நாட்காட்டியில் நெடுமாதம் எது, குறுமாதம் எது என்பது ஆண்டுக்காண்டு மாறும். எதோவின் செல்வந்தர்களும் கவிதைக் குழுவினரும் அந்த மாத எண்களைப் படத்துக்குள், ஓர் ஆடையின் பூவேலையிலோ தொங்கும் துணியின் மடிப்பிலோ மறைத்து அச்சிட்டு, புத்தாண்டுப் பரிசாக நண்பர்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். யாருடைய படம் அழகு என்ற போட்டி மூண்டது. செலவைப் பற்றிக் கவலைப்படாத அந்தப் புரவலர்களுக்காக வரைந்த சுஸுகி ஹருநொபுவின் தாள்களில் பலகைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. பல வண்ண அச்சு சீனர்கள் முன்பே கண்ட வழிதான்; நான்ஜிங்கில் 1633-இல் வெளிவந்த பத்து மூங்கில் கூடத்தின் ஓவியக் கையேடு அதற்குச் சான்று. ஜப்பானியர்கள் அதைத் தெருக்கடையில் விற்கும் அளவுக்கு மலிவாகவும் துல்லியமாகவும் ஆக்கினார்கள். அதற்குக் கை கொடுத்தது கென்தோ என்னும் மிக எளிய உத்தி.

கென்தோ என்பது பலகையின் விளிம்பில் வெட்டப்படும் இரண்டு சிறு பள்ளங்கள். ஒன்று மூலையில் செங்கோணமாக இருக்கும். மற்றது அதே பக்கத்தில் சற்றுத் தள்ளி நேர்கோடாக இருக்கும். தாளின் மூலையை முதற்பள்ளத்தில் பொருத்தி, விளிம்பை இரண்டாவதில் சாய்த்துப் பிடித்துக் கீழே விட்டால், பத்துப் பலகைகளில் மாறி மாறி வைத்தாலும் தாள் ஒரே இடத்தில்தான் விழும். ஒரு பலகை ஈரத்தில் சற்றே விரிந்து வண்ணம் கோட்டைத் தாண்டுகிறது என்றால், அச்சிடுபவர் அந்தப் பள்ளத்தில் மெல்லிய சீவல் ஒன்றைச் செருகியோ, இம்மியளவு மரத்தை வழித்தெடுத்தோ சரிசெய்துவிடுவார். இயந்திரம் இல்லை, இரும்புச் சட்டம் இல்லை. வண்ணங்களை மயிரிழை பிசகாமல் பொருத்த இந்த இரண்டு வெட்டுகளே போதுமாயிருந்தன.

ஒரு படத்துக்குப் பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். பணம் போட்டு, என்ன படம் விலைபோகும் என்று முடிவு செய்து, தணிக்கை முத்திரை வாங்கி, விற்பனையின் லாப நட்டத்தை ஏற்பவர் பதிப்பாளர். அவருக்குக்கீழ் வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் என்று மூன்று தனித்தனித் தொழில்கள். வரைஞர் உதமாரோவின் பெண்முகங்களையும், 1794-95-இல் ஓராண்டுகூட நிறையாத காலத்தில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டு மறைந்துபோன ஷராக்கு என்ற வரைஞரையும் உலகறியச் செய்தவர் த்சுதாயா ஜூஸாபுரோ என்ற பதிப்பாளர். பேரலை இடம்பெறும் ஹொக்குசாயின் ஃபூஜி மலைத் தொடரை வெளியிட்டவர் நிஷிமுராயா யொஹாச்சி. படத்தில் பெரும்பாலும் வரைந்தவர் பெயரும் பதிப்பாளர் குறியும்தான் இருக்கும். செதுக்கியவர் பெயர் அரிது, அச்சிட்டவர் பெயர் அதனினும் அரிது. கலை வரலாறு வரைந்தவரையே கொண்டாடி வந்திருப்பது இதனால்தான் என்றாலும், அது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

செதுக்குபவரின் மேசைக்கு அருகில் சென்று பார்த்தால் இது விளங்கும். பலகைக்குப் பயன்படுவது மலைச்செர்ரி மரம். நெருக்கமான இழையும் சீரான கடினமும் உடைய அதை நீளவாக்கில் அறுத்து, நன்கு உலரவிட்டு, இழைத்துப் பளபளப்பாக்குகிறார்கள். கோட்டுப்படத்தை அதன்மேல் அரிசிப் பசையால் கவிழ்த்து ஒட்டியபின், செதுக்குபவர் விரலால் மெல்லத் தேய்த்துத் தாளின் முதுகுப்புற நார்களை உரித்தெடுக்கிறார். கோடுகள் பலகையோடு ஒட்டிக்கொண்டு பளிச்சென்று தெரியும் அளவுக்குத் தாள் மெலிந்ததும் கத்தியை எடுக்கிறார். ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் கத்தி ஒருமுறை போக வேண்டும். அதுவும் செங்குத்தாக இல்லாமல் வெளிப்புறமாகச் சாய்ந்து. அப்போதுதான் எஞ்சி நிற்கும் கோட்டுக்கு அகலமான அடித்தளம் கிடைத்து, ஆயிரம் முறை அழுத்தினாலும் அது முறியாமல் நிற்கும். பின்னர் சுற்றியுள்ள மரத்தை உளிகளால் அகற்றுகிறார்கள். முகமும் கூந்தலும் தலைமைச் செதுக்குநருக்கே உரியவை. நெற்றி ஓரத்தில் கூந்தல் தோலிலிருந்து முளைக்கும் இடத்தில், சில வேளைகளில் ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று கோடுகள் நிற்கும். வரைபவர் அந்த இடத்தில் ஒவ்வொரு முடியையும் வரைந்து கொடுப்பதில்லை. கோடிட்டுக் காட்டிவிட்டு விட்டுவிடுவார். உதமாரோவின் பெண்களுக்குக் கூந்தல் தந்தவர்கள் செதுக்குநர்கள்தான்.

இதில் உரசல்களும் இருந்தன. இளமையில் தானே செதுக்குத் தொழில் பயின்ற ஹொக்குசாய், தான் வரையும் கண்ணையும் மூக்கையும் செதுக்குநர்கள் அன்று பெயர்பெற்றிருந்த உத்தகாவா குழுவினரின் பாணிக்கு மாற்றிவிடுகிறார்கள் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். எகவா தொமெகிச்சி என்ற செதுக்குநரிடமே வேலையைக் கொடுக்கும்படி வற்புறுத்தினார். மூக்கின் வளைவில் கத்தி எவ்வளவு சாய்கிறது என்பதைப் பொறுத்து முகமே வேறாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கோட்டுப் பலகை முடிந்ததும் அதிலிருந்து சில தாள்களைக் கென்தோ அடையாளங்களோடு அச்சிட்டு வரைந்தவரிடம் அனுப்புவார்கள். அவர் ஒவ்வொரு தாளிலும் ஒரு வண்ணம் வரவேண்டிய பகுதியைக் குறித்துத் தருவார். அந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பலகையில் ஒட்டப்பட்டு வண்ணப் பலகைகள் ஆகும். வண்ணங்களைப் பிரித்து அடுக்கும் வேலை மென்பொருள் காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எதோ நகரத்துப் பட்டறைகளில் அன்றாட வழக்கமாக இருந்தது என்பதை டிஜிட்டல் பற்றிப் பேசும் இடத்தில் மறுபடியும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

அச்சிடும் கட்டம்தான் என்னைப் பொறுத்தவரை இக்கலையின் உயிர். தாள், கோசோ மரத்தின் உட்பட்டையிலிருந்து செய்யப்படுவது. எச்சிசென் பகுதியின் ஹோஷோ தாள் அதில் புகழ்பெற்றது. நீண்ட நார்கள் கொண்ட அந்தத் தாளுக்கு விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த கரைசலைப் பூசி, வண்ணம் கட்டுமீறிப் பரவாமல் பதப்படுத்துகிறார்கள். அச்சிடுவதற்கு முன் அதை ஈரப்படுத்தி அடுக்கி, எல்லாத் தாள்களிலும் ஈரம் சமமாகும்படி விடுகிறார்கள். பலகையில் நீரில் கரைத்த வண்ணத்தையும் சிறிது அரிசிப் பசையையும் வைத்துக் குதிரைமயிர்த் தூரிகையால் பரப்புகிறார்கள். அந்தத் தூரிகையின் நுனி மெத்தென்றிருக்க அதைச் சுறாத் தோலில் தேய்த்துப் பக்குவப்படுத்துகிறார்கள். தாளைக் கென்தோவில் வைத்ததும், அதன் முதுகில் பாரென் என்னும் வட்டத் தேய்ப்பான் ஓடுகிறது. மூங்கில் மடலை இழைகளாகக் கிழித்து, முறுக்கிக் கயிறாக்கி, சுருளாகச் சுற்றி, அரக்குப் பூசிய தாள்வட்டில் பொருத்தி, மேலே இன்னொரு மூங்கில் மடலால் இறுகப் போர்த்திய கருவி அது. அந்தக் கயிற்றின் முடிச்சுகள் ஆயிரம் சிறு புள்ளிகளாகத் தாளை அழுத்துவதால், வண்ணம் தாளின் மேற்பரப்பில் தங்காமல் நார்களுக்குள் இறங்குகிறது. ஐரோப்பியர்கள் எண்ணெய் மையைப் பூசி இயந்திர அழுத்தத்தால் அச்சிட்ட மரச்செதுக்குப் படங்களில் மை தாளின்மேல் ஒரு படலமாக நிற்கும். இங்கே வண்ணமும் தாளும் ஒன்றாகிவிடுகின்றன. பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நீலம் நாருக்கு உள்ளிருந்து எழுவதுபோல் தெரியும்.

வரைஞர் ஹிரோஷிகேயின் நிலக்காட்சிகளில் வானத்தின் உச்சியில் அடர்நீலமாகத் தொடங்கிக் கீழே வரவர ஒன்றுமில்லாமல் கரைந்துபோகும் பட்டை ஒன்று இருக்கும். பொகாஷி எனப்படும் அந்த நிறக்கரைவைப் பலகையில் செதுக்க முடியாது. பலகையில் அந்தப் பகுதி வெறும் தட்டையான மரம்தான். அச்சிடுபவர் ஈரத்துணியால் அந்தப் பகுதியை நனைத்து, ஓர் ஓரத்தில் மட்டும் வண்ணத்தை வைத்து, தூரிகையை இடவலமாக ஓட்டி, நீரில் வண்ணம் தானே மெலிந்து கரையும்படி செய்கிறார். அடுத்த தாளுக்கு இதையே முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு நாளில் ஏறத்தாழ 200 தாள்கள் என்பது மரபான கணக்கு. அந்த இருநூறிலும் ஒன்றைப்போல் மற்றொன்று முழுக்க இருப்பதில்லை. மாலை வெளிச்சமே தாளுக்குத் தாள் மாறும். வண்ணமே இல்லாமல் அழுத்திப் புடைப்பை மட்டும் எழுப்பும் முறையும், பின்னணியில் அப்பிரகத்தூள் தூவி மின்ன வைக்கும் முறையும் உண்டு. பனியின் மேட்டையும் வெண்ணிற ஆடையின் நெசவையும் அந்தப் புடைப்பாலேயே காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு வேலைப்பாடுள்ள தாள் அன்று ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலையை ஒட்டி விற்றது. மலிவான பொருள் என்பதால் அரசுக்கு அதன்மீது எப்போதும் கண் இருந்தது. 1790 முதல் தணிக்கை முத்திரை கட்டாயமாயிற்று. 1791-இல் த்சுதாயாவின் சொத்தில் பாதி பறிக்கப்பட்டது. 1804-இல் உதமாரோவுக்கு 50 நாள் கைவிலங்கு பூட்டப்பட்டது. 1842-இன் சீர்திருத்தச் சட்டங்கள் நடிகர், கணிகையர் படங்களைத் தடைசெய்து, வண்ணங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்தன.

மரபு என்று சொல்லும்போது அது புதியதை ஏற்காமல் உறைந்து கிடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பேரலையின் நீலம் ஜெர்மனியின் பெர்லினில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியல் முறையில் உருவாக்கப்பட்ட பிரஷ்ய நீலம். அதுவரை ஜப்பானிய அச்சர்கள் நம்பியிருந்த நீலங்களுள் ஒன்றான த்சுயுகுசாப் பூவின் சாறு ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காமல் பழுப்பாகிவிடும். அவுரி நீலம் நிலைக்கும், ஆனால் அதில் ஆழமான கரைவைக் கொண்டுவருவது கடினம். பிரஷ்ய நீலம் நீரில் எளிதாகக் கரைந்து பரவி, அடர்த்தியிலிருந்து வெளிறல் வரை எல்லா நிலையும் தந்தது. அது மலிவாகக் கிடைத்ததும் ஹொக்குசாய் தன் ஃபூஜித் தொடரில் கறுப்புக் கோட்டையே கைவிட்டு, முதல் 36 படங்களின் கோடுகளை நீலத்தில் அச்சிடச் செய்தார். பின்னால் சேர்த்த பத்துப் படங்களில்தான் கறுப்புக் கோடு வருகிறது. வெளிநாட்டு வேதிப்பொருள் ஒன்று வந்து சேராமல் ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற படம் உருவாகியிருக்காது.

மெய்ஜி காலத்தில் (1868-1912) கல்லச்சும் புகைப்படமும் செய்தித்தாளும் வந்தபின் படம் வாங்கும் தெருக்கூட்டம் கலைந்துபோனது. 1894-95 சீனப் போரின்போது போர்க்காட்சி அச்சுகள் பெருமளவில் விற்றன; பத்தாண்டு கழித்து ரஷ்யப் போர் மூண்டபோது அந்தச் சந்தையின் பெரும்பகுதியைப் புகைப்படம் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தச் சரிவிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. 1904-இல் யமமோத்தோ கனாயே ஒரு மீனவரின் உருவத்தைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டார். எல்லாம் ஒரே கலைஞரின் கையால் நடக்க வேண்டும் என்ற அந்த இயக்கத்தின் வழியில் வந்த முனகத்தா ஷிகோ 1956-இல் வெனிஸ் கலைவிழாவில் அச்சுக்கலைக்கான பெரும்பரிசு பெற்றார். மறுபக்கம் வதனாபே ஷோஸாபுரோ என்ற பதிப்பாளர் பழைய நால்வர் முறையையே மீட்டெடுத்து, கவாசே ஹாசுயி போன்ற புதிய வரைஞர்களின் நிலக்காட்சிகளை வெளியிட்டார். 1923-இன் நிலநடுக்கமும் தீயும் அவருடைய பலகைகளை எரித்துவிட்டன. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

இரண்டுக்கும் நடுவில் நின்றவர் யோஷிதா ஹிரோஷி. செதுக்குநர்களையும் அச்சர்களையும் தன் பட்டறையிலேயே அமர்த்தி, ஒவ்வொரு தாளையும் தன் கண்ணெதிரே அச்சிடச் செய்தார். 1926-இல் உள்நாட்டுக் கடலின் பாய்மரப் படகுகளைக் காட்டும் ஒரே தொகுதிப் பலகைகளைக் கொண்டு, வண்ணங்களை மட்டும் மாற்றி, காலை, முற்பகல், பிற்பகல், மாலை, இரவு, மூடுபனி என்று தனித்தனிப் படங்களாக அச்சிட்டார். மரத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. பொழுது மட்டும் மாறியது. 1930-31-இல் இந்தியாவில் பயணம் செய்த அவர், தாஜ்மகாலையும் காசியின் படித்துறைகளையும் உதயப்பூரையும் அச்சில் கொண்டுவந்தார். மதுரைப் பெருங்கோயிலின் உட்புறமும் அந்தத் தொடரில் உண்டு. தமிழ் வாசகர் இக்கலைக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் இருக்க முடியாது.

இனி கணினிக்கு வருவோம். உக்கியோ-எ படங்கள் திரைக்கென்றே செய்தவைபோல் பொருந்துகின்றன. தெளிவான கோடு, அதற்குள் தட்டையான வண்ணம், நிழல் இல்லை, கரைவு ஓரிரு இடங்களில் மட்டும். கோடுகளையும் தட்டையான வடிவங்களையும் கணக்காக வரையும் திசையன் (vector) வரைகலை மென்பொருளில் இதைப் போலச் செய்வது எளிது. ஒரு புகைப்படத்தை நொடியில் மரக்கட்டை அச்சுபோல் மாற்றித்தரும் வடிகட்டிகளும் பெருகிவிட்டன. ஆனால் அந்தத் தட்டைத்தன்மை மரத்தின் வரம்பிலிருந்து பிறந்தது. ஒரு பலகை பெரும்பாலும் ஒரு வண்ணத்தையே ஏற்கும். ஒவ்வொரு கூடுதல் பலகையும் பதிப்பாளருக்குக் கூடுதல் செலவு. எனவே எந்த வண்ணத்தை விடலாம், எதன்மேல் எதை அச்சிட்டு மூன்றாவது நிறம் பெறலாம் என்று ஒவ்வொரு முடிவும் எடைபோட்டு எடுக்கப்பட்டது. வரம்பே இல்லாத கருவியில் அந்த வரம்பின் தோற்றத்தை மட்டும் கடன்வாங்கும் படங்கள் பெரும்பாலும் மந்தமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கணினி உண்மையாகவே உதவுவது கத்திக்கு முந்தைய கட்டத்தில்தான். டோக்கியோவின் அசாகுசாவில் மொக்குஹன்கான் என்ற அச்சகத்தை நடத்திவரும் டேவிட் புல், அமெரிக்க வரைஞரான ஜெட் ஹென்றியோடு சேர்ந்து 2012-இல் ஒரு தொடரைத் தொடங்கினார். வீடியோ விளையாட்டுகளின் நாயகர்களை உக்கியோ-எ மரபில் வரைந்த அந்தப் படங்களுக்கு இணையத்தில் கூட்டுநிதி திரட்டினார்கள். 3 லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. ஜெட் ஹென்றி வரைவது கணினியில். அந்தக் கோப்பு மிக மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சுப்பொறியால் எடுக்கப்பட்டு, ஹொக்குசாயின் தாளைப் போலவே செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டப்படுகிறது. அதற்குமேல் எல்லாம் கத்தியும் பாரெனும்தான். இங்கே ஒரு பழைய இழப்பும் தீர்ந்திருக்கிறது: தாள் அழிந்தாலும் கோப்பு அழிவதில்லை, செதுக்கும்போது பிழை நேர்ந்தால் இன்னொரு தாள் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். வண்ணப் பலகைகளுக்கான தாள்களும் மென்பொருளின் அடுக்குகளிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. எதோவில் வரைஞர் தாள்தாளாகக் குறித்துக் கொடுத்த வேலைதான் இது. ஆகவே இதை மரபிலிருந்து விலகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் திரையில் வரைபவர் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. திரையில் இரண்டு வண்ண அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது கணக்கு ஒன்றுதான். தாளில் அது நிறப்பொடியின் தன்மையையும் ஈரத்தையும் அச்சிடும் வரிசையையும் பொறுத்து மாறும். எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பதால் மரத்தில் நிற்க முடியாத மெலிவுக்குக் கோடு இழுத்துவிடும் பழக்கமும் வரும். தூரிகைக் கோட்டில் அழுத்தம் ஏறி இறங்குவதைச் செதுக்குநர் கத்தியால் பின்தொடர்வார். ஒரே பருமனில் ஓடும் கணினிக் கோட்டைச் செதுக்கினால் படம் உயிரற்றுக் கிடக்கும்.

பலகையைச் செதுக்குவதில் லேசர் கதிரும் கணினி வழி இயங்கும் குடைவு இயந்திரமும் இன்று பல நாடுகளில் அச்சுக் கலைஞர்களுக்குக் கிடைக்கின்றன. பெரிய வண்ணப் பரப்புகளுக்கு அவை போதுமானவை; உளிகொண்டு பரப்பைக் காலி செய்யும் அலுப்பான உழைப்பைக் குறைக்கின்றன. நுண்கோடுகளில் அவை தடுமாறுகின்றன. சுழலும் வெட்டுமுனை வட்டமானது. கோடுகள் கூராகச் சந்திக்கும் உள்மூலைக்குள் அதனால் நுழைய முடியாது. லேசர் மரத்தை எரித்து அகற்றுவதால், ஆண்டு வளையத்தின் மென்மையான பகுதி ஒரு அளவிலும் கடினமான பகுதி வேறு அளவிலும் எரிந்து, விளிம்பு கருகுகிறது. கத்தி பிடிப்பவர் இழையின் ஓட்டத்தை விரலால் உணர்ந்து, எந்தத் திசையில் இழுத்தால் பிசிறாது என்று அந்தக் கணத்தில் முடிவு செய்கிறார். கருவிக்கு அந்தத் தகவல் போய்ச்சேரவில்லை. வருங்காலத்தில் சேரலாம், அப்போது இந்தக் கட்டம் மாறும்.

அச்சிடும் கட்டத்தில் நிலைமை வேறு. உயர்தர இங்க்ஜெட் அச்சுப்பொறி ஹாசுயியின் பனிக்காட்சியைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் ஏமாறும் அளவுக்குத் தந்துவிடும். அதில் பிழையில்லை; விலை மலிவு, கூடத்தில் மாட்டலாம். அந்தத் தாளில் மை, மேற்பூச்சின்மேல் நுண்துளிகளாக அமர்ந்திருக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் தட்டையான நீலப் பரப்பு பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். மரக்கட்டை அச்சில் அது ஒரே நீலம். அதற்குள் மரத்தின் இழையோட்டமும் சில வேளை பாரெனின் வட்டச்சுழிகளும் தெரியும். தாளைத் திருப்பினால் வண்ணம் முதுகுவரை ஊறி வந்திருப்பதையும், விரலால் தடவினால் கோடுகளின் பள்ளத்தையும் காணலாம். வாங்க நினைப்பவர் சட்டமிட்ட படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். நேர்மையான விற்பனையாளர் மறுக்கமாட்டார்.

டிஜிட்டல் இக்கலைக்குச் செய்திருக்கும் மிகப் பெரிய உதவி ஆவணப்படுத்தலில் இருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921-இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளை வழங்கியபோது, வண்ணம் மங்காதிருக்க அவற்றை ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். குசும்பாப்பூச் சிவப்பும் த்சுயுகுசா நீலமும் பிற இடங்களில் வெளிறிப்போயிருக்க, இருட்டில் இருந்த அந்தத் தாள்களில் அவை ஏறத்தாழ அச்சிட்ட நாளின் நிறத்திலேயே இருக்கின்றன. பல தலைமுறைகளாக அறிஞர்கள் சிலர் மட்டுமே கண்ட அவற்றை டிஜிட்டல் படங்களாக இன்று யாரும் காணலாம். ஜப்பானில் கியோத்தோவின் ரித்சுமேகான் பல்கலைக்கழகமும் பெரும் தரவுத்தளம் ஒன்றைக் கட்டி வருகிறது. நிரலாளர் ஜான் ரெசிக் 2012-இல் தொடங்கிய உக்கியோ-எ தேடல் தளம், பல அருங்காட்சியகங்களின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஒன்றுசேர்த்து, படத்தையே கொடுத்து அதன் பிற படிகளைத் தேட வழிசெய்தது. ஒரே படத்தின் பத்துப் படிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது முன்பு பத்து ஊர்களுக்குச் செல்லும் வேலையாக இருந்தது.

பேரலையின் ஆய்வில் இதன் பயன் கண்கூடு. படத்தின் இடப்பக்க மேல்மூலையில் தலைப்பைச் சூழ்ந்திருக்கும் கட்டத்தின் கோடுகள் முற்காலத் தாள்களில் முழுமையாக இருக்கும். பலகை தேயத் தேய அவற்றில் இடைவெளிகள் தோன்றும். உலகெங்கும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட படிகளின் படங்களில் இந்தத் தேய்மானத்தை ஒப்பிட்டு, எது முன்னே அச்சானது, எது பின்னே என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆய்ந்திருக்கிறார்கள். வானத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு மேகம் ஒன்று இருந்ததும் மங்காத படிகளால்தான் தெரியவருகிறது. நாம் பேரலை என்று மனத்தில் வைத்திருக்கும் படம், உண்மையில் பல நிலைகளில் தேய்ந்தும் மங்கியும் வண்ணம் மாறியும் கிடக்கும் தாள்களின் கூட்டம் என்பதைத் திரை காட்டிக்கொடுத்தது.

கணினி தீர்க்க முடியாத நெருக்கடி பொருள்களிலும் கைகளிலும் இருக்கிறது. அகலமான, முடிச்சில்லாத செர்ரிப் பலகை, பாரெனுக்கேற்ற மூங்கில் மடல், கையால் செய்த ஹோஷோ தாள், நல்ல எஃகுக் கத்தி ஆகிய ஒவ்வொன்றும் மிகச் சில கைவினைஞர்களின் உழைப்பைச் சார்ந்திருக்கிறது. எச்சிசென்னின் ஒன்பதாம் இவனோ இச்சிபெய் ஹோஷோ தாளுக்காக 2000-இல் வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டார். எதோ மரக்கட்டை அச்சு 2007-இல் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தது. டோக்கியோவின் அதாச்சி நிறுவனம் 1994 முதல் ஓர் அறக்கட்டளை வழியாக இளம் செதுக்குநர்களுக்கும் அச்சர்களுக்கும் பயிற்சி தந்து, பழைய படங்களை மீண்டும் செதுக்குவதோடு இன்றைய கலைஞர்களின் புதிய வடிவங்களையும் அச்சிட்டு வருகிறது.

பயிற்சிக்கு ஆண்டுகள் ஆகும், அந்த ஆண்டுகளுக்கு வேலை வேண்டும். பொகாஷி கைவர ஒருவர் ஒரே பலகையில் நூற்றுக்கணக்கான தாள்களை அச்சிட்டிருக்க வேண்டும்; அந்தத் தாள்களை யாராவது வாங்கவும் வேண்டும். பழைய தலைசிறந்த படங்களின் மறுபதிப்பு மட்டும் அவ்வளவு வேலையைத் தராது. புதிய வாசகர்கள் விரும்பும் புதிய படங்கள் வேண்டும். அவை இன்று பெரும்பாலும் திரையில்தான் வரையப்படுகின்றன, திரையில்தான் விற்கப்படுகின்றன. விளையாட்டு நாயகன் ஒருவனின் படத்துக்கு இணையம் வழியே வந்து குவிந்த கேட்புகளை நிறைவேற்ற, மொக்குஹன்கான் புதியவர்களை அமர்த்தி அச்சுத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. த்சுதாயாவும் நிஷிமுராயாவும் தம் பட்டறைகளை நடத்தியது இதே கணக்கில்தான்: இன்று விலைபோகும் படம் நாளைய செதுக்குநருக்கும் அச்சருக்கும் கூலி கொடுத்தது.